நங்கூரம் மாதிரி வளைத்த நகம்

இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கினால், தெருமுனையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மின்கம்பிக்கு இடைஞ்சலாம். ஈரமரத் தூளும் பெட்ரோல் புகையும் கலந்த அந்த வாசனை ஏறியதுமே எனக்குப் பால் மறந்துபோயிற்று. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் குடியிருக்கிறவனுக்கு மூக்கு இன்னும் வேலை செய்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறது, நல்ல வாசனைக்கு மட்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மெஷின் பிடித்திருந்தவரின் கைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

"இன்னா சார் பாக்குற? ஓரமா போ, தூளு கண்ல அடிக்கும்" என்றார்.

"நகம் எப்படிக் கீதுன்னு பாக்குறேன் நைனா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

நகம் என்றால் உங்களுக்கும் புரியாது, சொல்கிறேன். மரம் அறுக்கிற மெஷினில் சங்கிலி ஓடும் நீளத் தகடு தொடங்குகிற இடத்தில், இரண்டு போல்ட் போட்டு முறுக்கிய ஒரு பல்லுப்பட்டை இருக்கும். அது எதையும் வெட்டாது. அதை மரத்தில் குத்தி ஊன்றிக்கொண்டு, பின்கைப்பிடியைத் தூக்கினால், மெஷின் அந்த ஊன்றலில் சுழன்று தானாக உள்ளே இறங்கும். கை நோகாது, மெஷின் குதிக்காது. கடையில் அதற்கு ஏதேதோ பெயர் சொல்வார்கள். எங்களுக்கு அது நகம்தான். பெயர் வைத்தவன் சேவியர்.

சேவியர் ராயபுரத்துக்காரன், என் வயதுதான், என் தோஸ்து. ஃபைபர் படகு ஒட்டுவதும் ஓட்டை அடைப்பதும் அவன் தொழில். அவன் சட்டையில் எப்போதும் பிசின் நெடி வீசும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் அவன் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் தள்ளித்தான் உட்காருவார்கள். எனக்கு அப்போது திருவொற்றியூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. இருபதைத் தாண்டிய திமிர் வேறு. எதை உடைத்துக் கொண்டு வந்தாலும் ஒட்டித் தருவேன் என்று பீற்றிக்கொள்வேன். பாதி ஒட்டும், மீதி வழியில் விழுந்துவிடும்.

மூலக்கொத்தளம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் சேவியர் அந்த மெஷினை வாங்கி வந்தான். படகு அச்சுக்குக் கட்டை அறுக்கத்தான் வாங்கினான். நகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. "அது எதுக்குடா, ஷோவுக்கு வெச்சிருப்பான்" என்று இருவரும் முடிவு செய்தோம். விவரம் தெரியாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எதையும் சட்டென்று முடிவு செய்துவிடலாம்.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. எண்ணூர் போகும் வழியில் கடலோரக் குப்பம் ஒன்றில் நாகம்மாக்கா இருந்தாள். மீன் விற்கிறவள். புருஷனுக்கு இடுப்பில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாது, மகன்தான் போய்க்கொண்டிருந்தான். பழைய படகு இனித் தாங்காது என்று, தாலியைத் தவிர வீட்டிலிருந்த தங்கம் அத்தனையையும் விற்று, சேவியரிடம் புதுப் படகு ஒட்டக் கொடுத்திருந்தாள். அவள் வீட்டுக்கு முன்னால் நின்ற பெரிய பூவரச மரத்தின் நிழலில்தான் வேலை நடந்தது. வலை பின்னுவது, சீட்டாடுவது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது எல்லாம் அந்த நிழலில்தான். படகு முடிந்து தண்ணீரில் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

புயல் மரத்தைத் தள்ளவில்லை. கடல்தான் அடியிலிருந்த மண்ணைத் தின்றது. காலையில் போய்ப் பார்த்தால் மரம் சாய்ந்து, ஒரு பெருங்கிளை படகின் முகப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. படகை உருவினால் மரம் மொத்தமும் அதன் மேல் உட்காரும். சும்மா விட்டாலோ, வருகிற அமாவாசைக்கு ஏறும் அலை படகை அடித்துக்கொண்டு போகும். மரம் வெட்ட ஆள் கேட்டால், ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, முறை வரட்டும் என்றார்கள்.

"அமாவாச முறை பாத்து வருமாடா?" என்று அக்கா எங்களைக் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி அவள் விரல் வெளுத்திருந்தது. 

சேவியர் மெஷினைக் கொண்டு வந்தான். பட்டையில் வைத்தான். அது வழுக்கித் துள்ளி, அவன் பல்லையெல்லாம் கிடுகிடுக்க வைத்தது. அப்போதுதான் அந்த இரண்டு ஓட்டைகளுக்கும் அர்த்தம் புரிந்தது. சரி, நகம் செய்வோம் என்று நான் சொன்னதுதான் தாமதம், குப்பமே கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. ஒருவன் ஸ்க்ரூ முறுக்கினால் பத்துப் பேர் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். மரம் வெட்டுகிறவர்கள் கூடியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கூடியவர்கள் கடலோடிகள். பிடிப்பு என்றதும் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"நங்கூரம் மாதிரி வளைச்சி வுடு மாமு. கவ்வுச்சின்னா கவ்வுனதுதான்."

"நீளமா வையி. சின்னதா வெச்சா பேத்துக்கினு வந்துடும்."

எனக்கும் சேவியருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில், விரல் நீளத்துக்குப் பல் வெட்டி, நுனியை உள்பக்கமாக வளைத்து, சாணை பிடித்துக் கொடுத்தேன். பார்க்கவே ஜோராக இருந்தது. குப்பத்தில் கைமாறிக் கைமாறி எல்லோரும் தடவிப் பார்த்தார்கள்.

இன்று என்னைக் கேட்டால் சொல்வேன். பட்டை தடித்த பெரிய மரமா, பெரிய நகம் போடு. மெல்லிய பட்டையா, சின்னதே போதும். பல் நேராக இருக்கட்டும். தேவைக்கு மேல் நீளம் வைத்தால் மெஷின் மரத்தை விட்டு விலகி நிற்கும், தகட்டின் நீளம் வீணாகும். எல்லாவற்றுக்கும் மேல், குத்துகிற நகம் கேட்டவுடன் கழன்று வர வேண்டும். நங்கூரத்துக்குப் பிடிக்கத் தெரிந்தால் போதும், நகத்துக்கு விடவும் தெரிய வேண்டும். ஆனால் இன்று யார் என்னைக் கேட்கிறார்கள்?

மறுநாள் காலையில் நாகம்மாக்கா மரத்துக்கு மஞ்சள் தடவி, கற்பூரம் கொளுத்தி, "கோச்சிக்காத தாயி, வேற வழி இல்ல" என்றாள். சேவியர் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். மரத்தின் மேல்பாதியில் கயிறு கட்டி, படகு இல்லாத பக்கமாக ஆண்களும் பெண்களும் பிடித்தார்கள். கரைவலை இழுக்கிற அதே வரிசை, அதே கால் ஊன்றல். வேறு விதமாகக் கயிறு பிடிக்க அவர்களுக்குத் தெரியாது. கடைசி முனையை அக்கா தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வெட்டு எடுத்தான் சேவியர். நகம் அற்புதமாகக் கவ்வியது. பிடுங்கத்தான் ஒவ்வொரு தடவையும் காலால் உதைத்து இழுக்க வேண்டியிருந்தது. அதையும் நாங்கள் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம். பிறகு எதிர்ப்பக்கம் போய் அறுக்க ஆரம்பித்தான். பாதி தாண்டியதும் மரம் முனகியது. ஆள் விலக வேண்டிய நேரம். சேவியர் மெஷினை இழுத்தான். வரவில்லை. வளைந்த நகம் உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

"வுட்டுட்டு வாடா" என்று கத்தினேன்.

"இருடா, வந்துகினே கீது."

எங்கே வந்தது? மரம் படார் என்று ஒரு சத்தம் போட்டுத் திரும்பத் தொடங்கியது. அவன் மெஷினை விடவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தேன். அப்போது கயிற்றின் கடைசியில் நின்ற நாகம்மாக்கா இடுப்புச் சுற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடி வந்தாள். அவள் பிடி போனால் கயிறு தளரும், கயிறு தளர்ந்தால் மரம் படகின் மேல்தான் போகும். இது அங்கிருந்த எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"படகு போனா போவுது, வாடா இங்க" என்று சேவியரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மண்ணில் உருண்டார்கள். மரம் அவர்களுக்குப் பின்னால் விழுந்தது.

எழுந்தவள் படகைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேவியருக்குப் பளார் என்று ஓர் அறை விட்டாள். பிறகு அவன் கை, கால், விரல் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன், தூள் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன். மெஷின் மரத்துக்கு அடியில் கூழாகிக் கிடந்தது. நகம் மட்டும் அடிக்கட்டையை விடாமல் பிடித்திருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுத்தோம்.

படகு? மற்றவர்கள் கயிற்றை விடவில்லை. உள்ளங்கையெல்லாம் தோலுரிந்து பிடித்திருந்தார்கள். முகப்பில் ஒரு முழம் மட்டும் சிதைந்திருந்தது. சேவியர் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து அதை ஒட்டினான். அமாவாசை அலை வருவதற்குள் எல்லோருமாகப் படகை மேட்டுக்கு இழுத்துவிட்டோம். ஒட்டுப்போட்ட இடத்துக்கு அக்கா பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள், மற்றதெல்லாம் நீலம்.

அதற்கப்புறம் அந்த நிழல் இல்லை. சீட்டாட்டம் எங்கேயோ போயிற்று, வலை பின்னுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். மரம் போன கரையைக் கடல் சும்மா விடவில்லை. முதலில் அடிக்கட்டை போனது, பிறகு மணல், பிறகு முன்வரிசை வீடுகள். இப்போது அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் நானும் சேவியரும் அக்காவைப் பார்க்கப் போனோம். ஊருக்குள் தள்ளி, மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். வெயில் தாழ எங்களைக் கல்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் மகன் படகை ஓட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தான். அக்கா கை நீட்டிக் காட்டினாள்.

"அதோ பாரு. இப்ப போவுது பாரு, நம்ம மரத்து மேல போவுது."

படகு அங்கே ஒரு அலையில் ஏறி இறங்கியது. மரம் நின்ற இடத்துக்கும் இந்தப் பக்கம், இப்போதைய கரைக்கு இன்னும் கிட்டத்தில், அதே தண்ணீருக்கு அடியில்தான் அவள் வீடு இருந்த இடம். அதை அவள் காட்டவில்லை.