பிறசர் பார்க்க வாற பிள்ளை

அந்த அக்காவின் வீட்டுக்கு நான் போனது மனநோய்க்கு. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. மேல்மாடியில் இருந்த அவருடைய மச்சாளுக்கும் கோயிலில் காணும் சனத்துக்கும் நான் பிறசர், அதாவது இரத்த அழுத்தம், பார்க்க வருகிற பிள்ளை. முதல்நாளே அக்கா கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக் கேட்டது அதைத்தான்.

"பிள்ளை, மச்சாள் கேட்டா பிறசர் எண்டு சொல்லுங்கோ. மற்றது தெரிஞ்சா நான் இஞ்ச இருக்கேலாது."

"ஓம் அக்கா" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் பையில் பிறசர் மெசினோடுதான் அவர் வீட்டுப் படியேறினேன். மச்சாளிடம் அந்த வீட்டுச் சாவி, நாங்கள் திறப்பு என்பது, ஒன்று இருந்தது. அவர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பதால் அக்காவின் கையில் மெசினின் பட்டியைச் சுற்றி வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தாதி. மூன்று வருடப் பயிற்சி, அதற்கு மேல் மனநல விசேட பயிற்சி, பிறகு வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகம். இதே படிப்பைப் படித்த தாதி சில நாடுகளில் என்ன நோய் என்று தானே சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுப்பார். இங்கே ஜெர்மனியில், டுசல்டோர்ஃப்பில், நான் ஒரு குளிசையைப் பாதியாக உடைக்கச் சொல்லவும் ஏலாது. வீடு வீடாகப் போவேன், பார்ப்பேன், கேட்பேன், எழுதுவேன். எழுதியதை யாரும் வாசிப்பார்களா என்று கேட்கக்கூடாது.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. ஒரு ஹோட்டலின் துணி தோய்க்கும் பகுதியில் இருபது வருடம் நின்றவர். கணவர் இறந்த அடுத்த வருடம் படுக்கையை விட்டு எழும்பாமல் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். அதையும் பிறசர் என்றே வீட்டில் சொல்லிச் சமாளித்திருக்கிறார். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. காலையில் ஒரு அட்டையை நீட்டி, இன்றைக்குச் சிரிக்கிற முகமா, அழுகிற முகமா, தொட்டுக் காட்டுங்கள் என்பார்களாம். அக்கா எல்லா நாளும் சிரிக்கிற முகத்தைத் தொட்டிருக்கிறார்.

"ஏனக்கா?" என்று கேட்டேன்.

"பாவம், அந்தப் பிள்ளையள் ஓடி ஓடி வேலை செய்யுதுகள். காலமையே எப்பிடி அழுகிற முகத்தைக் காட்டுறது?"

சுகம் வந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் வாய் திறக்க அவருக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஒரு செவ்வாய், கையில் பட்டி சுற்றியபடியே சொன்னார்: "ஏன் போறன் எண்டு தெரியாமல் பல்கனியில போய் நிக்கிறன் பிள்ளை. கீழ பாத்துக்கொண்டு நிப்பன். பிறகு குளிருக்கு உள்ள வந்திடுவன்." அது ஐந்தாம் மாடி. உடனே மனநல வைத்தியரின் இடத்துக்கு அழைத்தேன். அவசரமென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் டெர்மின், வைத்தியரைச் சந்திக்கிற நேரம், ஆறு கிழமைக்குப் பிறகு என்றார் அங்கே இருந்த பெண். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா கையைப் பட்டியோடு இழுத்துக்கொண்டார். கெஞ்சி மன்றாடி இரண்டு நாளில் ஒரு இடம் எடுத்தேன். வைத்தியர் எட்டு நிமிடம் பார்த்தார். குளிசையைக் கூட்டி எழுதினார். அதன்பிறகு கிழமைக்கு மூன்று தரம் போனேன். அக்கா சமைக்கத் தொடங்கினார். பல்கனிக் கதவின் திறப்பைத் தானாகவே என்னிடம் தந்தார்.

அப்போதுதான் காப்புறுதிக்காரர், நாங்கள் காஸ என்று சொல்கிறவர்கள், நான் போய்வரத் தந்த நாலு மாத அனுமதி முடிந்தது. நீடிக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். தேவையா என்று பார்க்க ஒரு வைத்தியர் வீட்டுக்கு வருவார் என்று கடிதம் வந்தது.

நான் செய்த மடத்தனம், அக்காவிடம் அந்த நாளை முன்கூட்டியே சொன்னதுதான். ஒபிசர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? அகதி விண்ணப்பக் காலத்திலிருந்து பழகிய பழக்கம் அது. அன்று நான் போனபோது வீடு பளபளவென்று இருந்தது. கிழமைக்கணக்காகத் தலை இழுக்காத மனுசி கொண்டை போட்டு, பச்சைச் சேலை உடுத்திப் பொட்டும் வைத்திருந்தார். மேசையில் சுடச்சுட ரோல்ஸ். பொரித்துக் கொடுக்க மச்சாளும் வந்திருந்தார்.

காஸ அனுப்பிய வைத்தியர் நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல். மொழிபெயர்க்க ஆள் கொண்டுவரவில்லை. நான் செய்கிறேன் என்றேன். "நீங்கள் இந்தச் சேவையை வழங்குகிறவர், அது முறையில்லை. குடும்பத்தில் யாராவது இருந்தால் நல்லது" என்றார். மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

யாருக்குத் தெரியக்கூடாது என்று நாலு மாதம் மறைத்தோமோ அவரே மொழிபெயர்ப்பாளர்.

"என்ன வருத்தம் எண்டு கேக்கிறார்" என்றார் மச்சாள்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ரோல்ஸ் தட்டைப் பார்த்தார். "பிறசர்தான். இப்ப நல்லம் எண்டு சொல்லுங்கோ. இந்தப் பிள்ளை வந்து நல்லாப் பாக்குது."

வாயைத் திறந்தால் அக்காவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். திறக்காவிட்டால் அக்காவே போய்விடக்கூடும். நான் திறக்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். வைத்தியர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். படியில் அவரைத் துரத்திப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கள் குறிப்புகளில் பல்கனி பற்றி வாசித்தேன். ஆனால் அது ஒரு தாதியின் அவதானம். நான் கண்டதைத்தானே நான் எழுதலாம்" என்றார்.

கண்டதை எழுதினார். நேர்த்தியான தோற்றம், உபசரிக்கும் குணம், உறவினரின் ஆதரவு உண்டு. விண்ணப்பம் நிராகரிப்பு.

என் மேலாளர் அந்த முகவரியை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கடைசி நாள் பிறசர் மெசினையும் பல்கனித் திறப்பையும் அக்காவிடமே விட்டேன். திறப்பைக் கொடுக்க எனக்கு மனமில்லை, ஆனால் அது அவருடைய வீடு. செவ்வாய்தோறும் பத்து மணிக்கு நான் அழைப்பேன், மெசின் காட்டுகிற இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றேன். குரலையாவது கேட்கலாமே என்ற எண்ணம்.

"நூற்றி இருவது, எண்பது" என்றார் முதல் செவ்வாய். இரண்டாம் செவ்வாயும் நூற்றி இருபது, எண்பது. மூன்றாவதும் அதே. உலகத்தில் எவருக்கும் பிறசர் அப்படி நிற்காது. நாலாம் முறை கேட்டேன்: "அக்கா, மெசினை வெளியில எடுத்தனீங்களே?"

"இல்லைப் பிள்ளை. எழும்பேலாமக் கிடக்கு. ஆனா நீங்கள் கேட்டா நல்லதாச் சொல்லவேணும்தானே."

அன்று எனக்கு லீவு. அப்படியே வெளிக்கிட்டுப் போனேன். கதவைத் திறந்தவரின் தலைமுடி சிக்குப்பிடித்துக் கிடந்தது. சட்டையில் கறை. மெசின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பல்கனித் திறப்பு கதவிலே இருந்தது. அதைத்தான் முதலில் எடுத்து என் பையில் போட்டேன். மனநல வைத்தியருக்கு அழைத்துக் கத்தி, அடுத்த நாளுக்கு ஒரு இடம் எடுத்தேன். பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நிராகரிச்சதுக்கு எதிரா எழுதப்போறன் அக்கா. திரும்ப ஆள் வரும். அண்டைக்கும் இப்பிடியே கதவைத் திறவுங்கோ. தலை இழுக்கக்கூடாது. ரோல்ஸ் கூடாது. மச்சாளைக் கூப்பிடக்கூடாது."

அக்கா என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வீட்டுக்கு வாற ஆளுக்குத் தலை இழுக்காமல் கதவு திறக்கிறதே?"

"எனக்குத் திறந்தனீங்கள்தானே."

"நீங்கள் வெளியாளே பிள்ளை? உங்களுக்கு முன்னால நான் ஏன் நல்லா இருக்கவேணும்?"

அந்த வசனத்தை அப்படியே ஜெர்மன் மொழியில் மாற்றி, என் சேவையின் பயன் என்ன என்று கேட்ட இடத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் காஸவிலிருந்து பதில் வந்தது. தாதியின் கூற்றை ஏற்க இயலாது, விசேட வைத்தியர் ஒருவரின் விரிவான அறிக்கை தேவை என்று. அன்று அவசரமாகப் பார்த்த மனநல வைத்தியர் குளிசையை மட்டும் மாற்றியிருந்தார்; அறிக்கைக்கான டெர்மின் ஆறு கிழமைக்குப் பிறகு. அதுவரை என் லீவு நாட்களில் போய்வருகிறேன். அக்கா தலை இழுக்காமல் கதவைத் திறக்கிறார்.