ஏணி கேட்ட ஒரே கேள்வி

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் சொன்னபோது, "வாய்?" என்றான் ஏணி. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், "அப்ப போதும்" என்றான். பக்கத்தில் நின்ற மனைவி, மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் என்று கண்ணீர் விட்டாள். தைரியமாவது, மண்ணாவது. மச்சானை ஒழித்துக்கட்ட வாய் மட்டும் போதுமா என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆள் உயரம் என்பதால் வேலையிடத்தில் வைத்த பெயர் ஏணி. லிஃப்ட் மெக்கானிக், பதினேழு வருஷ அனுபவம். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அதே கம்பெனியில் சூப்பர்வைசர். லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி வேலை பார்ப்பவன், முதலில் மெஷின் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டில் வேறு எவனும் கை வைக்கக் கூடாது. அன்றைக்கும் ஏணி மாட்டினான். கட்டட முதலாளி கீழே காத்திருந்த அவசரத்தில், ஏணி சாப்பிடப் போயிருப்பான் என்று தானே முடிவுகட்டி, மச்சான் பூட்டை வெட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். கூண்டு குலுங்கிக் கிளம்பியது. அதன் தலையில் நின்றிருந்த ஏணி நிலைதவறி இரண்டு மாடி கீழே விழுந்தான்.

"பூட்டே இல்ல. யாரோ மறந்து அணைச்சு வச்சிருக்காங்கன்னு போட்டேன்" என்று மச்சான் எழுதிக் கொடுத்தான். வெட்டிய பூட்டு போன இடம் தெரியவில்லை. ஏணியின் பையில் இருந்த சாவியா? அது எப்போதும் அவன் பையில்தான் கிடக்கும் என்று மச்சான் சொல்லிவிட்டான். கவனக்குறைவு ஏணியுடையது என்று கம்பெனி கோப்பை மூடியது.

அதைக்கூட ஏணி பொறுத்திருப்பான். மனைவியும் அதை நம்பியதுதான் அவன் வயிற்றெரிச்சல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள், பல் துலக்கிவிட்டுக் கிண்ணத்தைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிப்பாள், டீ ஆறியிருக்கிறதா என்று தன் உதட்டில் பார்த்துவிட்டுத்தான் குழாயை அவன் வாயில் வைப்பாள். ஒரு குறையும் வைக்கமாட்டாள். கூடவே, "ஒரு பூட்டு மாட்டத் துப்பில்லாம இப்படிக் கிடக்கீங்களே" என்று புலம்பவும் தவறமாட்டாள்.

"மாட்டினேன்டீ."

"அப்ப எங்க அண்ணன் பொய் சொல்றானா?"

ஒரு மாதம் வாதாடிப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு கறுவ ஆரம்பித்தான். வாயால் பிடிக்கும் குச்சிக்கு அவனே வழி சொன்னான்: திரைச்சீலைக் கம்பியில் ஒரு முழம் வெட்டி, கடிக்கிற முனையில் ரப்பர் சுற்றி, மறுமுனையில் போன் திரையைக் குத்தி எழுத ஒரு ரப்பர் நுனி. போன், கட்டில் கம்பியில் வளைத்த தகட்டில் நின்றது. மூக்கு அரித்தால் தேய்த்துக்கொள்ள, தலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பாஞ்சைக் கட்டச் சொன்னான். பயிற்சி கொடுக்க வந்த பெண், "இவ்வளவு ஆர்வமான ஆளை நான் பார்த்ததே இல்ல சார்" என்று மெச்சினாள். ஆர்வத்துக்குக் காரணம் தெரிந்திருந்தால் பதறியிருப்பாள். ஒவ்வொரு எழுத்தாகக் குத்தும்போதும் அவன் பல்லுக்கடியில் இருந்தது மச்சானின் கழுத்து.

சக்கர நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து, மறுவிசாரணை கேட்டு மனு மேல் மனு குத்தியதில், வலியே தெரியாமல் பின்பக்கம் புண்ணாகி, உள்ளங்கை அகலத்துக்கு ஆழமாகிவிட்டது. ஆறு வாரம் நிமிர்ந்து உட்காரவே கூடாது என்றார் நர்ஸ். நாற்காலியில் துணி காயப்போட்டார்கள். அந்த ஆறு வாரத்துக்குள்தான் மறுவிசாரணைத் தேதியும் வந்தது. படுத்தபடியே போனில் வருகிறேன், காலை பத்து மணி என்றால் வசதி என்று குத்தி அனுப்பினான். பத்து மணி, மனைவி அவனைப் புரட்ட வரும் நேரம். அவள் அங்கே நிற்க வேண்டும். அவள் காதில் விழாத தீர்ப்பு அவனுக்கு எதற்கு?

அன்று அவன் ஒருக்களித்துக் கிடந்தான். திரையில் விசாரணை அதிகாரி அம்மா ஒரு கட்டத்தில், மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டையில் மச்சான் இன்னொரு கட்டத்தில். மனைவி தலையணையோடு வந்து நின்றாள்.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுதாங்க. அது பழைய சுவிட்ச். முரண்டு பிடிக்கும். எங்களுக்கே நாலு தடவை திருப்பணும். மச்சான் எப்படி ஒரே திருப்புல போட்டாரு?"

தொழிலில் தன்னை மட்டம் தட்டினால் மச்சானுக்குப் பொறுக்காது. "மாப்ள, எனக்கே பாடமா? அதுல கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு சின்னத் தகடு இருக்கு. அது வெளிய நீட்டிட்டு இருந்தா நாலு தடவை இல்ல, நாப்பது தடவை திருப்பினாலும் அசையாது. அன்னைக்கும் நீட்டிட்டுதான் இருந்துச்சு. அது உள்ள போனப்புறம் திருப்பினேன், ஒரே திருப்புல விழுந்துடுச்சு."

"அம்மா, இதை எழுதிக்குங்க" என்றான் ஏணி. "அந்தத் தகடு ஸ்பிரிங் தகடு. இழுத்து விட்டா தானா உள்ள போயிடும். அதோட ஓட்டையில பூட்டு மாட்டியிருந்தா மட்டும்தான் வெளிய நிக்கும்."

மச்சான், "அது... அப்படி இல்ல..." என்றான். அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவர், பூட்டை எதால் வெட்டினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "கட்டர்" என்றான்.

கோப்பைத் திருத்தச் சொல்லிவிட்டு அதிகாரி போனதும் மச்சானே கூப்பிட்டான். "மாப்ள, சத்தியமா உன்னை நினைச்சு அப்படிச் செய்யல."

"தெரியும் மச்சான். நீங்க என்னை நினைக்கவே இல்ல. நான் பதினொரு மாசமா உங்களைத் தவிர வேற எதையும் நினைக்கல."

சொல்லும்போது நாக்கில் அவ்வளவு ருசி. பாவம் என்ற எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனைவி போனுக்கு நேரே குனிந்தாள். "அண்ணா, இவருக்குத் துடைச்சுவிடும்போதெல்லாம் இவரைத்தான் திட்டினேன். காலையில திட்டினேன், சாயங்காலம் திட்டினேன். அத்தனையும் உனக்குப் போக வேண்டியது." அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் மச்சான் போனை வைத்துவிட்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையணையைக் கீழே போட்டாள். குச்சியை எடுத்து அவன் வாயருகே நீட்டினாள்.

"திரும்பக் கூப்பிடுங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."