வெறும் வயித்துக்கு எழுதின கொள்கை

எனக்கு வயசு எழுபத்தி நாலு. பெத்தது நாலு, செத்துப்போன அக்காவோடது ரெண்டு. ஆறையும் வளர்த்து ஆளாக்கினவ நான். மகளிர் குழு நோட்டுல எழுதிப் பழகின எழுத்துதான் எனக்குத் தெரியும். அதை வெச்சு மெதுவா எழுதறேன்.

செஞ்சியில ஒரு டாக்டருங்க சங்கம். நோய் வர்றதுக்கு முன்னாடியே ஜனங்களைக் காப்பாத்த கொள்கை எழுதறாங்களாம். இங்க எழுதினதை மெட்ராசுல பெரிய சங்கம் கை தூக்கி ஒத்துக்கிட்டா, எல்லா ஊருக்கும் அதுதான் வழியாம். ஜனங்க பக்கம் ஒரு ஆள் உக்காரணும்னு, குழுத் தலைவியா இருக்கிற என்னைக் கூப்பிட்டாங்க.

நான் போனது என் மருமகளுக்காக. கால்ல ஒரு புண்ணு, மூணு மாசமா ஆறல. சுகரா இருக்கும்னு எனக்கு சந்தேகம். இந்தச் சங்கம் போட்ட சுகர் கேம்ப்புல வெறும் வயித்தோட வரச் சொல்லிட்டு அவங்க பத்தரைக்கு வந்தாங்க. ஆறு மணிக்கே கூழ் குடிச்சிட்டு நடவுக்குப் போறவ அவ. அதுவரைக்கும் பட்டினியா நின்னு, வரிசையிலேயே மயங்கி விழுந்தா. "இனிமே அந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாத அத்தே"ன்னுட்டா.

சங்கத்துக் கூட்டம் ஏசி ரூம்ல. மேசை மேல பேப்பர் ஏற்கெனவே டைப் அடிச்சு இருக்குது. சோத்தை வடிச்சிட்டு, எத்தனை பேருக்கு உலை வைக்கலாம்னு கேக்கற புத்திசாலிங்க!

தினம் அரை மணி நேரம் நடக்கணும்னு ஒரு வரி. அரையா முக்காலான்னு ரெண்டு பேர் ஒரு மணி நேரம் சண்டை. புல்லுக்கட்டோட ஏரிக்கரையில நடக்கிறவளுக்கு எழுதறாங்க, கார்ல வந்து இறங்கினவங்க.

தலைவர் டாக்டர் தொப்பையைத் தடவிக்கிட்டு, "நம்ம ராஜகிரிக் கோட்டை மலையைத் தினம் ஏறினா ஒரு நோயும் வராது. இன்னா ஆயா?"ன்னார்.

"நீங்க மொதல்ல ஏறுங்க சார். பாதி வழியில தண்ணிச் சொம்போட நான் நிக்கறேன்."

யாரும் சிரிக்கல. பேப்பர் எடுத்துக் கொடுக்க வந்த எங்க தெரு நர்சம்மா மட்டும் வாயைப் பொத்திக்கிட்டா.

வெறும் வயித்துல ரத்தம் பாக்கற வரி வந்ததும் எழுந்தேன். "காலையில அஞ்சரைக்கு எங்க ஊரு பொம்பளைங்க அத்தனை பேரும் பால் சொசைட்டியில தூக்கோட நிக்கறோம். பச்சத் தண்ணி கூட பல்லுல பட்டிருக்காது. அங்க வந்து எடுங்க."

"அது நடைமுறைக்கு ஒத்து வராதும்மா"ன்னார் தலைவர்.

"பால்காரனுக்கு ஒத்து வருதே. தண்ணி கலந்திருக்குதான்னு தினம் டிகிரி பாக்கறான். கறக்கறவளை வருஷத்துக்கு ஒரு நாள் பாக்க உங்களுக்கு வலிக்குதா?"

"கருத்தைப் பதிவு பண்ணிக்கறோம்"னார். அதுக்குள்ள பிரியாணி வந்துடுச்சி. அப்புறம் எவன் காது கேக்கும்?

ரெண்டு மாசம் கழிச்சி புஸ்தகம் வந்தது. பேத்தி பூராவும் படிச்சா. தினம் அரை மணி நடக்கறது இருக்குது, நான் சொன்னது இல்ல. கடைசிப் பக்கத்துல மட்டும் என் போட்டோ. மக்களோட கலந்து பேசி எழுதினதாம். "போட்டோல நல்லாத்தான் இருக்கறே ஆயா"ன்னா பேத்தி. புஸ்தகத்தைக் கொண்டுபோய் தவிட்டுப் பானைக்கு மூடியாக்கினேன்.

அடுத்த வாரம் விடியக்கால, சொசைட்டி வாசல்ல பையோட அந்த நர்சம்மா. யார் கொள்கையும் கேக்காம வந்துட்டா. பால் ஊத்தின கையை அங்கேயே நீட்டினோம். என் மருமகளும் நீட்டினா. அவளுக்கு சுகர் முந்நூறுக்கு மேல. நர்சம்மாவே பஸ்ல கூட்டிக்கிட்டுப் போய் மருந்து வாங்கிக் கொடுத்தா. இப்ப புண்ணு வாய் மூடிக்கிட்டு வருது.

இது காதுல விழுந்ததும் தலைவர் டாக்டர் கார்லயே வந்துட்டார். அடுத்த கொள்கையில சேக்கறாங்களாம். சங்கத்தோட முயற்சியால சொசைட்டியில ரத்தம் எடுத்ததா நாலு வரி எழுதிக் கொண்டாந்திருக்கார், அதுல நான் கையெழுத்து போடணுமாம்.

"இதுல நர்சம்மா எங்க சார்?"

"அதெல்லாம் எல்லாரும் சேந்து செஞ்சதுதானேம்மா."

"அப்ப விடியக்கால உங்களை நான் பாக்கலையே. பேப்பரை வெச்சிட்டுப் போங்க. நடந்ததை நானே எழுதிக்கறேன்."

மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போனார். போகட்டும். நாலு நாளா உக்காந்து எழுதிட்டேன்.

ஏ பாப்பா, இங்க வா. அந்தப் புஸ்தகத்தைப் படிச்ச மாதிரி இதையும் உரக்கப் படிச்சுக் காட்டு. எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும், திருத்தாத. நர்சம்மா வர்ற இடத்தை மட்டும் தெருவுக்கே கேக்கற மாதிரி படி.