செம்பருத்தி வரைந்த வாக்குத்தத்த அட்டை

இதை எழுத ஏழு வருஷம் தயங்கினேன். பத்தாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தினவள் என்பது ஒரு சாக்கு. உண்மையில் பயம்தான். நேற்று காலை மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருக்கும்போது, பழைய நினைவு என்று போன் தானாகவே ஒரு வீடியோவை எடுத்து நீட்டியது. அதில் என் குரல். கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பாறசாலைப் பக்கம் எங்கள் சபையில் வருஷப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று, கண்ணை மூடி எடுக்க வேண்டும். அதிலிருக்கிற வசனம் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தருவது. அந்த அட்டைகளை அன்றெல்லாம் எழுதி வரைந்தது நானாக்கும்.

ரப்பர் ஷீட்டு காயப்போடும் சாய்ப்புக் கொட்டகையில் இருந்துதான் வரைவேன். அந்த ரப்பர் பால் வாடை அட்டையிலும் ஏறிவிடும். "உன் வசனத்துக்கு ஒட்டுப்பால் நாத்தம் உண்டு பிள்ளே" என்று எஸ்தர் மைனி கேலி பண்ணுவாள். என் அண்ணன் மனைவி. வீடியோவுக்கும் அவள்தான் காரணம். எந்தச் சாயத்தில் எதைக் கலக்கினேன் என்று மறுநாளே மறந்துபோவேன். "போனை நிறுத்தி வச்சு எடு. உனக்கும் படிப்பாச்சு, நாலு ஆளு பாத்து ஆர்டரும் தருவாவ" என்றாள்.

பவுடர் டின்னில் போனைச் சாய்த்து எடுத்தேன். முதல் வீடியோவைப் பார்த்து எனக்கே வெட்கம். எழுத்து வளையும்போதெல்லாம் நாக்கு வெளியே. "நாக்காலயாட்டி வரையுத?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். ஆனாலும் படித்தேன். பிரஷில் தண்ணீர் கூடுவதால்தான் ஓரம் கசிகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஸ்டேட்டஸில் போட்டதும் பக்கத்து ஊர்களான செங்கல், வெள்ளறடையிலிருந்தெல்லாம் புது வீட்டுக்கு வசனப் பலகை கேட்டு ஆள் வந்தது. தலைக்கனம் கொஞ்சம் ஏறாமல் இல்லை.

அந்த வருஷம் அழகுக்காக ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் வேறு வேறு பூ வரைந்தேன். வீடியோவில் வசனத்தைக் காட்டி, திருப்பிப் பூவையும் காட்டி, ஸ்டேட்டஸில் போட்டேன். அதிலிருக்கும் தப்பு அப்போது மண்டையில் ஏறவில்லை.

வருஷப்பிறப்பு காலையில் தட்டு வந்தது. எப்போதும் கண்ணை மூடுகிறவர்கள் அன்று கண்ணைத் திறந்து, வேண்டிய வசனத்தின் பூவைத் தேடிக் கிளறினார்கள். அண்ணன் அப்போது கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். மைனியின் விரல் மூன்று அட்டையைத் தாண்டிப் போய்ச் செம்பருத்தியை எடுத்தது. சுகம் தருவதாகச் சொல்லும் வசனம் அதில்தான். பின்னால் நின்ற நான் பார்த்தேன். பலரும் பார்த்தார்கள்.

மழை தொடங்கும் முன்னே அண்ணன் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்த அன்று மைனி என் கையைப் பிடித்தாள்.

"நான் களவெடுத்தேன் மக்கா. கர்த்தர் தரல்ல. அதனாலயாக்கும் அவிய போனது."

"அப்பிடிச் சொல்லாதீங்க மைனி." சபையில் அது கதையாகப் பரவியது. இப்போது கேட்டால் அவள் தட்டையே பறித்தாளாம்.

நேற்று வந்த வீடியோவில் என் குரல் சொல்கிறது: "இந்தச் செம்பருத்தி எங்க அண்ணனுக்காக ஜெபிச்சு வரைஞ்சது. மைனி, இது உங்க கையில வரட்டு." ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பயந்து அதை ஸ்டேட்டஸிலிருந்து அழித்தவள் நான். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. முன்பே பார்த்தவர்களுக்கும் பூதான் நினைவில் நின்றது, என் சொல் நிற்கவில்லை. மைனி களவெடுக்கவில்லை. நான் அவளை விளித்து நீட்டினேன், அவள் வாங்கினாள். அண்ணனை அழைத்தது கர்த்தர். அட்டை அல்ல.

மத்தியானம் போய் மைனியிடம் காட்டினேன். மூன்று தடவை போட்டுக் கேட்டாள். "ஏழு வருஷம் ஆச்சேட்டி" என்றாள். போனை என் கையில் திருப்பித் தந்து, "எனக்குச் சொன்னாப் போதாது. அந்தக் கதை போன வழியெல்லாம் இதுவும் போகட்டு" என்றாள்.

இப்போது அட்டைகள் அச்சகத்திலிருந்து வருகின்றன. பின்பக்கம் ஒரே வெள்ளை, ஒட்டுப்பால் வாடையும் இல்லை. வசனப் பலகை வரைவதை இன்றும் வீடியோ எடுக்கிறேன், வாய் திறக்காமல். தட்டு வரும்போது மைனி மட்டும் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்வாள். அன்றிலிருந்து ஒரு வசனமும் எடுத்ததில்லை.

ஆகவே வாசிக்கிறவர்களே, ஒரு சொல் கூட்டாமல், என் குற்றத்தையும் வெட்டாமல், இதை இப்படியே அடுத்தவருக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷப்பிறப்புக்குள் எங்கள் சபைக்கு வந்து சேரட்டும்.