எட்டாவது கையெழுத்துக்காக ஷார்ஜா வரை

கல்வியியல் முனைவர் பட்ட ஆய்வை மூன்றாம் வருடம் பாதியில் விட்டவன் நான். போரடித்தது, விட்டேன். போரடிக்காதது ஒன்றுதான்: துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் எட்டுப் பேரின் பேச்சைப் பதிவு செய்த விடுமுறை நாட்கள். கட்டில் கம்பியில் காயும் கவரால் வேலையுடுப்புகளுக்கு நடுவே, வாத்தியார் இல்லாமலே அவர்கள் ஒருவருக்கொருவர் வேலையும் இந்தியும் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஆய்வைத் தோழி ஜெனிபர் இப்போது தொடர்கிறாள். அந்த எட்டுப் பேரின் பழைய சம்மதம் என் பெயருக்குத் தந்தது. பதிவுகளை அவள் பயன்படுத்தப் புதிதாகக் கையெழுத்து வேண்டும். ஏழு வாங்கியாயிற்று. மிச்சம் ராமநாதபுரத்து அய்யனார் அண்ணன். அவர் பேச்சை வைத்துத்தான் அவளுடைய முக்கிய அத்தியாயமே. அவர் ஷார்ஜா தொழிற்பேட்டைக்கு மாறிவிட்டதால், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

காலை 8.10க்கு துபாய் யூனியன் மெட்ரோ அருகே பஸ். ஷார்ஜா ஜுபைல் நிலையம்வரை 12 திர்ஹம், 50 நிமிடம். (வேலை நாள் மாலையில் போனால் இரண்டு மணி நேரம். பட்டவன் சொல்கிறேன்.) பிறகு டாக்ஸி, 9 கிலோமீட்டர், 24 திர்ஹம்.

அண்ணன் கராஜ் வாசலில் பழைய டயர்மேல் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே! டாக்டர் ஆயாச்சா?"

"பாதியில விட்டுட்டேன்ண்ணே."

"அட, நானும் ரெண்டாப்போட விட்டவந்தான். ஒக்காருங்க."

படிவத்தை முழுக்க வாசிக்கச் சொன்னார். 'எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம்' என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெசமாவா?"

"நெசந்தாண்ணே."

"அப்ப நான் வெலகிக்கிறேன்."

"பேர மாத்திருவோம்ணே..."

"பேர மாத்துவீங்க. லெட்டர் படிக்கத் தெரியாம அடுத்தவன்கிட்ட நீட்டுன கதைய மாத்துவீங்களா? என் மக டீச்சர் ட்ரெயினிங் படிக்குது. இந்த மாதிரி பொஸ்தகமெல்லாம் அதுதான் படிக்கும். எனக்கு எழுத்து தெரியாதுன்னு அதுக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது."

பேசிச் சம்மதிக்க வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஜெனிபருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அழிச்சிரு மக்கா. எங்கிட்ட உள்ளதையும் அழிச்சிருகேன். அத்தியாயத்த வேற மாதிரி எழுதிக்கலாம்."

அழிக்கும் முன் ஒரு தடவை கேட்கணும் என்றார் அண்ணன். குக்கர் விசில், கம்பெனி பஸ் ஹாரன், என் ஓட்டை இந்தி. நடுவே அவர் குரல்: "'ஜல்தி'ன்னா ஓடு. 'அச்சா'ன்னா தலைய ஆட்டு. புரியலேன்னாலும் ஆட்டு." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். எனக்கு அந்த அறையின் சோப்பு வாசம்கூட வந்தது. லெட்டர் கதை தொடங்கும் இடத்தில் "போதும்" என்று போனை வாங்கி, அவரே அழித்தார்.

"குப்பைத்தொட்டியில கெடக்குமே, அதையும் காலி பண்ணுங்க."

பண்ணினேன்.

போக வர மொத்தம் 72 திர்ஹம். ஆய்வுக்காக அந்தப் பக்கம் போகிறவர்கள் ஞாயிறு பத்து மணிக்குள் போங்கள். அதற்குமேல் எல்லோரும் சமையலிலும் துவைப்பதிலும் இருப்பார்கள். படிவத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், நிதானமாக. மூன்று வருடம் முன்பு, 'விலகலாம்' என்ற அந்த வரியை நான் அவரிடம் ஒரே மூச்சில் தாண்டியிருந்தேன். நின்று வாசித்திருந்தால் அந்தக் குரல் எனக்குக் கிடைத்தே இருக்காது.