வள்ளித்தாய் அத்தையின் நாலு திருகுகள்

ஏழாயிரம்பண்ணையில் எங்கள் எதிர்வீட்டு வள்ளித்தாய் அத்தை, இருபத்திரண்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணக் கூட்டுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவர். குனிந்தே உட்கார்ந்த இடுப்பில் தண்டெலும்பு ஒன்று முன்னால் நழுவி நரம்பை அழுத்தியது. கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அத்தையை அங்கேதான் கூட்டிப்போனேன். மேலெலும்பையும் கீழெலும்பையும் நாலு திருகு போட்டு இணைத்துவிடலாம் என்றார் டாக்டர் ராஜபாண்டியன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் சேரச் சொன்ன நாளில் வரவில்லை.

“சீசன் முடியட்டும்லே” என்றார். தீபாவளி முடிந்தும் வரவில்லை. ஊருக்குப் போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“இரும்ப உள்ள வச்சுக்கிட்டு மருந்து ரூமுக்கு எப்படிலே போவேன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பொறி பறக்கும் என்று கம்பெனிக்குள் இரும்பை விடுவதில்லை. ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் வாசலிலேயே ஒரு டப்பாவுக்குள் போய்விடும். அத்தையின் ஜாக்கெட்டில் கொக்கியே கிடையாது, துணிப் பித்தான்தான்.

“அது டைட்டானியம் அத்தை. எலும்புக்குள்ள இருக்கும். மருந்துல எங்க உரசப் போகுது?”

“நீ படிச்சவன், சொல்லுத. காளீஸ்வரனுக்கு டைட்டானியம் தெரியுமா?”

போர்மேன் காளீஸ்வரனுக்கு அங்கிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். “யக்கா, ஒங்க முதுகையும் கழட்டி டப்பாவுல போடச் சொல்லுவேனா? மொதல்ல நடந்து வாங்க.”

அத்தைக்கு அடுத்த சந்தேகம் வந்தது. “செவுத்துல அடிக்கிற ஆணியே ஒண்ணு ரெண்டு ஆடுது. இது பிடிச்சிருச்சான்னு எப்படிக் கண்டுக்கிடுவீக?”

திருகைச் சுற்றும் கைப்பிடியில் ஒரு மீட்டர் இருக்கிறது, எலும்பு எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று அது எண் காட்டும், அதைப் படித்து எழுதுவது என் வேலை என்றேன்.

“அப்ப நாலையும் பாரு. மூணு நல்லாருந்தா நாலாவதும் அப்படித்தான்னு எழுதிராத. கூடு செலுத்துறதுல நாங்க அங்கனதான் அசருவோம்.”

தை மாதம் ஆபரேஷன் நடந்தது. முதல் திருகு ஒன்று புள்ளி இரண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் அதை ஒட்டியே. நாலாவது, வெறும் புள்ளி நாலு.

“கைக்கு இறுக்கமாத்தான் இருக்கு. மீட்டர் சரியா?” என்றார் டாக்டர்.

அவருக்கு இருபது வருஷக் கை. எனக்கு இரண்டு வருஷ வேலை. இறுக்கம்தான் சார் என்று சொல்லி எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“காலையில சோதிச்சேன் சார். முதல் மூணுக்கும் சரியாத்தான் காட்டுச்சு.”

டாக்டர் அந்தத் திருகைப் பின்னோக்கிச் சுற்றி எடுத்தார். மெல்லிய கம்பியால் துளையின் சுவரைத் தடவிப் பார்த்தார். “ஓட்டை சரி. இந்தப் பக்கம் எலும்புதான் பஞ்சா இருக்கு. தடிமனானது குடுங்க.”

புதுத் திருகு போகப்போக எண் ஏறி, புள்ளி ஒன்பதில் நின்றது.

“இப்ப எழுது” என்றார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் எலும்புகள் சேர்ந்திருந்தன. நாலு திருகும் வைத்த இடத்தில் இருந்தன. தரையில் உட்கார்ந்து குனியும் வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மேஜையில் நின்று பெட்டி போடும் வேலை கேட்டு அத்தை கம்பெனிக்குப் போனார். வழியில் எங்கும் உட்காரவில்லையாம். அன்றைக்குக் காளீஸ்வரனே எனக்குப் போன் பண்ணினார்.

“பெட்டி ரூமுக்குத்தான போறீக யக்கா, ஊசி இருந்தாலும் பரவாயில்லைங்கேன், கேக்கல. கொண்டை ஊசியக் கழட்டி டப்பாவுல போட்டாக. பொறவு திரும்பி நின்னு முதுகக் காட்டி, எல்லாருக்கும் கேக்குறாப்புல சொன்னாக: ‘இங்கன நாலு இருக்கு. கழட்ட முடியாது. நாலாவதுதான் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சு, இப்ப அதுவும் அடங்கிருச்சு.’”