தபித்தாளின் பையும் பாறைப் புழுவும்

பச்சைத் தேயிலை விற்றால் பறிப்புக் கூலிகூடத் தேறாது என்ற நிலை வந்தபோது, கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பேக்டரியைப் பூட்டினார்கள். துரை பங்களாவைக் கோயமுத்தூர் தீபக் வாங்கி ரிசார்ட் ஆக்கினார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன தபித்தாளின் கைக்கு அங்கே கிடைத்தது, வரவேற்பறையில் இருந்த கடல்நீர் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மலைக்குளிர் ஆகாதென்று மீன்களுக்கு ஹீட்டர் ஓடியது. தபித்தாள் வீட்டுத் தகரக்கூரை ஒழுகியதை யாரும் கேட்கவில்லை.

தொட்டிப் பாறையில் ஊர்ந்த மயிர்ப்புழுக்களைக் கண்டு முதலில் அலறினாள். அவை மிச்சத் தீனியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று தொட்டி அமைத்துக் கொடுத்தவர் சொன்னதும் விட்டுவிட்டாள்.

பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை.

"ஏனுங்கம்மா, மீனெல்லாம் எங்க போகுதுங்க?" மரியாதையில் தீபக் ஒரு குறையும் வைக்கவில்லை.

"பாறை ஓட்டைக்குள்ள பெரிய புழு ஏதோ இருக்குங்க சார்."

"புழு மீனத் திங்குதுங்களா? நல்ல கதைங்க!"

அன்று மாலையிலிருந்து கேட்டில் அவள் பையை மட்டும் சோதித்தார்கள். முன்பு பேக்டரித் தூளைத் திருடுகிறார்களா என்று எல்லோரையும் தடவிப் பார்த்த அதே கேட். அப்போதெல்லாம் நிமிர்ந்து நடந்தவள். கூட வேலை பார்த்த ராசுதான் இப்போது வாட்ச்மேன். தலையைக் குனிந்துகொண்டே அவளுடைய சோற்று டப்பாவைத் திறந்து பார்த்தான். தபித்தாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடி என்ற பேர் போனால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

விருந்தாளிகள் இல்லாத ஒரு பகலில் தீபக்கைப் பக்கத்தில் நிற்கவைத்து, பாறையை எடுத்து உப்புநீர் வாளியில் வைத்தாள். தொட்டிக்காரர் போனில் சொன்னபடி, ஊசியில்லாத சிரிஞ்சில் சோடாவை ஏற்றி ஓட்டைக்குள் பீச்சினாள். நுரை பொங்கியது. கிடுக்கி வாயோடு, கை நீளத்துக்கு ஒரு புழு நெளிந்து வெளியே விழுந்தது.

"இதுதானுங்க சார் உங்க திருடன்."

தீபக் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "செமயா இருக்கே! கெஸ்டுக்குக் காட்டலாம்!"

மீன் தின்ற புழுவுக்குத் தனித் தொட்டி வந்தது, அதற்கும் ஒரு ஹீட்டரோடு. தினமும் அதற்கு இறால் போடுவது தபித்தாள் வேலை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவளே கேட்டாள். "சார், எம்பையப் பாக்க வேண்டாம்னு ராசுகிட்டச் சொல்லிருங்களேன்."

"அது இருந்துட்டுப் போகட்டுங்கம்மா. இப்ப எறால் வேற வாங்கி வெக்கறமில்லீங்க."

அன்று மாலை ராசு கை நீட்டுவதற்கு முன்பே, அவள் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.